உடைக்காமல் விட்ட இரண்டு

சம்மட்டி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய தங்கைதான். பழைய கம்ப்யூட்டர்களை உடைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான்கு கிலோ சம்மட்டியை ஒற்றைக் கையால் தூக்கி ஒரு டிஸ்க்கை ஒரே அடியில் பிளந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற ஆண்கள் வாயைப் பிளந்தார்கள். "எங்க வீட்ல இவளைக் கதவைத் தாழ்போடவே விடமாட்டோம். தாழ்ப்பாள் கையோட வந்துடும்" என்றாள் சாப்பாடு கொண்டுவந்திருந்த தங்கை. பெயர் ஒட்டிக்கொண்டது. முதலாளி வருகைப் பதிவேட்டில்கூட அப்படித்தான் எழுதினார்.

நான் ஒரு வக்கீலம்மாவின் ஆபீசில் கடிதம் அடிப்பவன், மொழிபெயர்ப்பவன். சம்மட்டி சொன்னதை இந்த ஊர் மொழியில் எழுதிக் கோர்ட்டுக்குக் கொடுத்தது நான்தான். கோர்ட்டுக்கு வேண்டியதை மட்டும் எழுது என்றார் வக்கீலம்மா, எழுதினேன். மீதி இத்தனை நாளாக எனக்குள்ளேயே கிடந்து உருள்கிறது. அதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

பட்டறை வேலை இதுதான். கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஓய்ந்துபோன கம்ப்யூட்டர்களை வண்டி வண்டியாக அனுப்பும். ஒவ்வொன்றுக்குள்ளும் உள்ளங்கை அகல டிஸ்க் ஒன்று இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் எழுதியது, படம் பிடித்தது அத்தனையும் அதில்தான் இருக்கும். யாரும் திரும்பப் படித்துவிடக் கூடாது என்பதற்காக அதைச் சில்லுச் சில்லாக உடைக்க வேண்டும். பதினோரு வருடமாக அது சம்மட்டியின் வேலை. இரும்புக் கட்டைமேல் டிஸ்க்கை வைப்பாள். முதல் அடி நடுவில், இரண்டாவது அடி ஓரத்தில். உள்ளே இருக்கும் தட்டு கண்ணாடியாக இருந்தால் மூன்றாவது அடிக்கு வேலையில்லை, பொடியாகக் கொட்டிவிடும். மார்பு முதல் முழங்கால் வரை பை வைத்த தோல் முன்றானை, கண்ணுக்குக் கனத்த கண்ணாடி, காதுக்கு மூடி. "இதை மாட்டிட்டா பக்கத்துல கொலையே விழுந்தாலும் எனக்குக் கேக்காது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து குடலை உருவ அவளுக்கு மூன்று நிமிடம் போதும். ஆனால் உயிரோடு இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றை அவள் தொட்டதே கிடையாது.

வீட்டிலும் அடிதான் பழக்கம். கணவன் முதல் வருடமே அவளுடைய தோள் எலும்பை முறித்தான். இரண்டாம் வருடம் மறுபடி கையை ஓங்கியபோது இரும்புக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி அவன் பாதத்தில் இறக்கினாள். அவன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனான், பிறகு வரவில்லை. பதின்மூன்று வயது இளையவளான தங்கையைப் படிக்க வைத்ததும், கூடவே இந்த ஊருக்குக் கூட்டிவந்ததும், பட்டறையின் ஆபீஸ் அறையில் உட்கார வைத்ததும் அவள்தான். தங்கைக்குக் கம்ப்யூட்டர் தெரியும். உடைக்க வரும் ஒவ்வொரு டிஸ்க்கின் நம்பரையும் பட்டியலில் ஏற்றுவாள், உடைப்பதற்கு முன் ஒரு படம், உடைத்த பின் ஒரு படம். அவள் மேசைக்கு எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் பத்தடியில் அக்காவின் இரும்புக் கட்டை. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அடிப்பாள், தங்கை நிமிர்ந்து நிமிர்ந்து எண்ணுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து அரை மணி இருக்கும். பட்டறை மேஸ்திரி அந்த அறைக்குள் போனான். முப்பது டிஸ்க்கை உடைக்காமல் வெளியே விற்றிருந்தான், அவற்றையும் உடைத்ததாகப் பட்டியலில் எழுதச் சொன்னான். தங்கை மாட்டேன் என்றாள். அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. மற்றவர்கள் ஓடி வந்தபோது மேஸ்திரியின் முன்கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் பிடி வரைக்கும் இறங்கியிருந்தது. தங்கையின் வாய் ரத்தமாக இருந்தது. பல் இரண்டு மேசைமேல் கிடந்தன. "பட்டியல் தப்புன்னு கேட்டேன், குத்திட்டா. பிடிச்சு இழுக்கும்போது கீழ விழுந்துட்டா" என்றான் மேஸ்திரி. போலீஸ் அதையே எழுதிக்கொண்டது. கொலை முயற்சி என்று வழக்கு. தங்கையைக் கொண்டுபோனார்கள்.

சம்மட்டிக்கு விஷயம் தெரிந்தது கடைசியில்தான். காதுமூடியைக் கழற்றினாள், ஒரே கூச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சிறையில் தங்கையைப் பார்த்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் முகம் ஒரு பக்கமாக வீங்கி, கண் கோடு போல இருந்தது. பல் போன இடம் வழியாகக் காற்றுதான் அதிகம் வந்தது.

"அக்கா, கேமரா."

"என்ன கேமரா?"

"என் ரூம்ல மேல ஒண்ணு இருக்கில்ல. நீ உடைக்கறதை டிஸ்க் அனுப்பற பார்ட்டி கேட்டா காட்டறதுக்கு வெச்சது. மூலையில இருக்கற மிஷின்ல எல்லாம் பதிவாகும். பதினஞ்சு நாள்தான் இருக்கும். அப்புறம் அதுவே பழசை அழிச்சுட்டுப் புதுசை எழுதிக்கும்."

"போலீஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். முதலாளியைக் கேட்டாங்களாம். கேமரா ரிப்பேர்னு சொல்லிட்டாராம்."

"நான் எடுத்துட்டு வர்றேன்."

தங்கை வீங்கிய வாயோடு சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. "உனக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதேக்கா."

"வாலு முன்னால இருக்கணும். எத்தனை வாலை அறுத்திருப்பேன்."

அடுத்த நாள் முதலாளியே வழி திறந்துவிட்டார். பட்டியல் வரவில்லை என்று பார்ட்டிகள் கத்த ஆரம்பித்திருந்தன. "உன் தங்கச்சி பண்ணின கூத்து. அந்த வேலையையும் நீயே சேத்துப் பாரு" என்றார். கையைத் தொட்டில் போலக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த மேஸ்திரி பல்லைக் காட்டினான். "இவளா? ஆன் பண்ணச் சொன்னா ஆணி அடிப்பா முதலாளி."

அந்த நாற்காலியில் அவள் போய் உட்கார்ந்தபோது கீபோர்டை யாரும் துடைத்திருக்கவில்லை. எழுத்துக் கட்டைகளுக்கு நடுவே ரத்தம் காய்ந்து கருப்பாகி இருந்தது. இரண்டு கட்டைகள் தெறித்துப் போயிருந்தன. ஒரு கட்டையின் இடுக்கில் நீளமாக ஒரு முடி. சம்மட்டி ஊசி எடுத்து ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டினாள். மேசைக்குப் பக்கத்தில் கற்றுக்கொடுக்க நின்றிருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் முன் அறையில் போன் எடுப்பவள். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை அவள் முன் அறையில்தான் இருந்தாள், நடுவில் இருந்தது பலகைச் சுவர். போலீஸிடம் தன் காதில் எதுவும் விழவில்லை என்றாள். அவள் கழுத்தைப் பிடித்து அந்தப் பலகையோடு சேர்த்து நசுக்கத் தன் கை எத்தனை தடவை எழுந்தது என்று சம்மட்டி என்னிடம் சொல்லியிருக்கிறாள். எழுந்த கையை மவுஸ்மேல் வைத்துக்கொண்டாளாம்.

"அக்கா, பட்டியலுக்கு என்ன வேணுமோ அதை நான் சொல்லித்தரேன்" என்றாள் கண்ணாடி, தரையைப் பார்த்துக்கொண்டே. "அதுக்கு மேல உங்க கை எங்க போகுதுன்னு நான் பாக்கமாட்டேன். எனக்கு ரெண்டு குழந்தை."

"கண்ணு நல்லாத் தெரியுற நாள்ல நீ எதைப் பாத்தே, இப்பப் பாக்கறதுக்கு? சொல்லிக் குடு."

முதல் நாளே கம்ப்யூட்டரை ஆன் பண்ணும் பட்டனை அவள் அழுத்திய அழுத்தில் அது உள்ளே போய்விட்டது, நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. திரையில் வெளிச்சம் வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அம்புக்குறியை மேலே கொண்டுபோகச் சொன்னால் மவுஸை ஆகாயத்தில் தூக்கினாள். இரண்டு தடவை தட்டச் சொன்னால் இரண்டு அடி அடித்தாள். இரண்டாம் நாள் ஒரு மவுஸ் செத்தது, நான்காம் நாள் இன்னொன்று.

"அக்கா, அது எதிரி இல்லக்கா. பூவைத் தொடற மாதிரி தொடுங்க."

"எதிரியா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன். இதான் வம்பு, அடிக்கவும் கூடாது, விடவும் கூடாது."

இரவும் பகலும் வலது கையின் ஆள்காட்டி விரலைத் தொடைமேல் தட்டிக்கொண்டே இருந்தாள். டக்டக். டக்டக். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள். ஐந்தாம் நாள் அந்த இரட்டைத் தட்டு கைக்கு வந்தது. புது ஃபோல்டர் திறந்தாள். அதற்குப் பெயர் வைத்தாள். போனில் எடுத்த படத்தை அதற்குள் இறக்கினாள். பட்டியலில் ஒரு வரி எழுதச் சில சமயம் கால் மணி ஆனது, தேடிய எழுத்து தெறித்துப்போன கட்டையில் இருந்தால் அந்தத் துவாரத்துக்குள் ஊசியை விட்டு அழுத்தினாள். எழுதி முடித்ததும் சேவ் பண்ணினோமா என்று மூன்று தடவை கேட்டுக்கொள்வாள்.

வேண்டாத ஃபைலைக் குப்பைத்தொட்டியில் போடக் கண்ணாடி காட்டிக்கொடுத்தாள். "இதுல போட்டதைத் திரும்ப எடுத்துக்கலாம். காலி பண்ணிட்டா போச்சு, வராது."

சம்மட்டி திரும்பிப் பார்த்தாள். "வராதா?"

"வராதுக்கா."

"அப்ப ஊர்ல இருக்கற கம்பெனிக்காரன் எல்லாம் கிறுக்கனா? காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே. எதுக்கு எங்கிட்ட அனுப்பி உடைக்கச் சொல்றான்?"

கண்ணாடி அடுத்த பாடத்துக்குப் போனாள்.

எட்டாம் நாள் பென்டிரைவ் பாடம். பார்ட்டிக்கு அனுப்ப வேண்டிய படங்களை அதில் ஏற்ற வேண்டும், பிடித்து இழுத்துக்கொண்டுபோய் விட்டால் போதும். ஏற்றிக் காட்டிவிட்டுக் கண்ணாடி வேண்டுமென்றே எழுந்து முன் அறைக்குப் போனாள். கதவையும் சாத்தினாள்.

திரையின் இடது ஓரத்தில் கேமரா என்று எழுதிய ஒரு சின்னப் படம் நாலு நாளாகவே சம்மட்டியின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. தட்டினாள், திறந்தது. தேதி தேதியாக வரிசை. செவ்வாய்க்கிழமையைத் தேடி, நேரத்தைத் தேடி, டக்டக். மேலிருந்து பார்ப்பது போல அந்த அறை தெரிந்தது. தங்கை முழு முகத்தோடு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். சம்மட்டி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். அதே நேரம் வெளியே மேஸ்திரியின் செருப்புச் சத்தம். எல்லாவற்றையும் மூடினாள். கேமரா என்ற அந்தச் சின்னப் படத்தைப் பிடித்து இழுத்துப் பென்டிரைவில் போட்டாள். கண் இமைப்பதற்குள் ஏறிவிட்டது. பென்டிரைவை உருவி வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்னடி, ஆணி அடிச்சாச்சா?" என்றான் மேஸ்திரி வாசலில் நின்று.

வாயைத் திறக்க முடியாததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தங்கையின் வழக்கை எடுத்திருந்த எங்கள் ஆபீசுக்கு ஓடி வந்தாள். அப்போதுதான் அவளை முதல்முதலாகப் பார்த்தேன். வாசல் கதவின் கைப்பிடி அவள் கையில் ஆடிக்கொண்டிருந்தது. பென்டிரைவை மேசைமேல் வைத்துவிட்டு, "எடுத்துட்டேன்" என்றாள். வக்கீலம்மாவின் முகம் மலர்ந்தது. நான் செருகினேன், தட்டினேன். இந்த வழியில் எதுவும் இல்லை என்றது திரை. மறுபடி தட்டினேன். அதேதான்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன். "அக்கா, இந்தப் படத்தோட மூலையில சின்னதா ஒரு அம்பு இருக்கு பாருங்க. அம்பு இருந்தா அது பொருள் இல்ல. பொருள் எங்க இருக்குன்னு காட்டற கைகாட்டி மட்டும்தான். நீங்க கைகாட்டியைப் பிடுங்கிட்டு வந்துட்டீங்க. ஊர் அங்கயேதான் இருக்கு."

அவள் அந்த அம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சுண்ணாம்பு உதிர்ந்தது, கை முட்டிகளில் தோல் கிழிந்தது. "கனமே இல்லாம ஏறிச்சே. டிஸ்க்கோட கனம் தெரிஞ்ச கைடா இது. அப்பவே தெரிஞ்சிருக்க வேண்டாம்?"

"இன்னும் நாள் இருக்கும்மா. திரும்பப் போய் எடுத்துட்டு வா" என்றார் வக்கீலம்மா.

என் கம்ப்யூட்டரிலேயே அவளை உட்கார வைத்தேன். முதலில் திற, உள்ளே இருப்பதைப் பிடி, அதை இழு, ஏறி முடியும் வரை காத்திரு. ரத்தம் கசியும் கையோடு ஆறு தடவை செய்து காட்டிவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று காலையில்தான் கேமரா பதிவைத் தரும்படி கேட்டு முதலாளிக்கு ஒரு கடிதம் போயிருந்தது. முறைப்படி போக வேண்டிய கடிதம். அதை அடித்ததும் ஒட்டியதும் ஆள்விட்டு அனுப்பியதும் நான். சம்மட்டி கதவைத் தாண்டிய பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. படியிறங்கித் தெருமுனை வரை ஓடினேன். பஸ் போயிருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி அழுதுகொண்டிருந்தாள். கடிதம் வந்ததும் மேஸ்திரி அவளை மூலை மிஷினுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய், அந்தச் செவ்வாய்க்கிழமையை அழிக்கச் சொல்லியிருந்தான்.

"அழிச்சுட்டேன்கா. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணச் சொன்னான், பண்ணிட்டேன். முடியைப் பிடிச்சுக்கிட்டே நின்னான்கா. என்னை அடிங்க. அடிச்சுடுங்க."

சம்மட்டி அவளை அடிக்கவில்லை. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முன்றானையில் துடைத்து, திரும்பவும் மாட்டிவிட்டாள். "காலி பண்ணினா போகாது கண்ணு. அன்னிக்கே சொன்னேனே" என்று காதருகே சொன்னாள்.

மேஸ்திரி உள்ளே வந்தான். மூலை மிஷினின் வயர்களை ஒற்றைக் கையால் பிடுங்கி, பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினான்.

"இதைத் திற. உள்ள இருக்கறதை எடு. உடை. என் கண்ணு முன்னால."

அவனுக்கும் கொஞ்சம் தொழில் தெரியும், முப்பது டிஸ்க் விற்றவன் அல்லவா. அவள் நின்றாள். அவன் கட்டுப் போடாத கையால் காதோடு சேர்த்து ஒரு அறை விட்டான். தலை போய்ச் சுவரில் மோதியது. "செவிடா? காதுல இப்ப ஒண்ணும் மாட்டலையே" என்றான்.

மூன்று ஸ்குரூ. டிஸ்க் வெளியே வந்தது. ஓடிக்கொண்டிருந்த மிஷினிலிருந்து எடுத்ததால் இன்னும் சூடு. அதுதான் அவளுக்குப் புதிது என்று சொன்னாள். பதினோரு வருடத்தில் அவள் கைக்கு வந்ததெல்லாம் செத்து மாதக்கணக்கில் ஆனவை. இது அப்போதுதான் உயிர் போனது போல உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தது.

இரும்புக் கட்டைக்கு நடந்தார்கள். கட்டைக்கு இடது பக்கம் உடைக்க வேண்டிய டிஸ்க்குகள் ஒரு பெட்டி நிறைய. மேஸ்திரி போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானான்.

"கண்ணுக்கு மாட்டிக்குங்க."

"எனக்கு வேணாம். அடி."

"போன வருஷம் லோடு ஏத்தறவன் இப்படித்தான் நின்னான். கண்ணாடித் தட்டு. ஒரு சில்லு போய் முழி வெளிய வந்துடுச்சு. அள்ளிக் கையில வெச்சுக்கிட்டு ஓடினான். நீங்கதானே வண்டி புடிச்சீங்க?"

அவனுக்கு ஞாபகம் வந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பின்னால் தூணில் தொங்கிய கண்ணாடியை எடுக்கத் திரும்பினான். அதன் ரப்பர்ப் பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுக்க இரண்டு கை வேண்டும். அவனுக்கு ஒரு கைதான். மற்றதைத் தங்கை குத்தி வைத்திருந்தாள். பட்டை ஒரு தடவை நழுவி அவன் மூக்கிலேயே சுண்டியது. கெட்ட வார்த்தை சொன்னான். இரண்டாவது தடவை காதில் மாட்டியது. அதற்குள் சூடான டிஸ்க் தோல் முன்றானையின் பைக்குள் இறங்கியிருந்தது. பெட்டியிலிருந்து அதே அளவில், அதே நிறத்தில் ஒன்று கட்டைமேல் இருந்தது.

அவன் திரும்பி வந்தான். குனிந்து பார்த்தான். விரலை நீட்டி அந்த டிஸ்க்கைச் சுண்டினான். அது சில்லென்று இருந்தது. எடுத்தது சூடாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சம்மட்டியின் வயிற்றில் முன்றானை வழியாக அந்தச் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

"அடி."

நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. "இன்னும்" என்றான். அடித்தாள். "இன்னும்." பதினான்கு அடி. இரும்பு தகடாகி, தகடு கிழிந்து, கிழிந்தது துணுக்காகி, கட்டையில் பளபளப்பாக ஒரு பொடி மட்டும் மிஞ்சியது. அவன் திருப்தியாகக் குனிந்து அந்தப் பொடியைப் போனில் பிடித்தான். தலை அவளுக்கு நேர் கீழே, ஒரு கை தூரத்தில் இருந்தது. உச்சியில் முடி கொட்டி வட்டமாகத் தோல் தெரிந்தது. அவள் கையில் சம்மட்டி இன்னும் தோள் உயரத்தில் நின்றது.

"நடு எங்கன்னு என் கண்ணு தானாவே பாத்துடுச்சு தம்பி" என்றாள் என்னிடம். "முதல் அடி நடுவுல. பழக்கம்."

அவள் அதை இறக்கிக் கட்டையில் சாய்த்து வைத்தாள். அவன் நிமிர்ந்து, "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, இனி அவளுக்கு ஜெயில்ல சோறுதான்னு" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் முழங்கையால் அவள் மார்பில் ஒரு இடி இடித்துவிட்டுப் போனான்.

அப்புறம் அவள் செய்ததுதான் வழக்கில் எங்களைக் காப்பாற்றியது. ஆபீஸ் அறைக்குள் போனாள். குடல் உருவிய பெட்டி தரையிலேயே கிடந்தது, முதுகில் பட்டறையின் பெயர் எழுதிய ஸ்டிக்கரோடு. டிஸ்க்கை அது இருந்த இடத்திலேயே பாதி செருகி, ஸ்டிக்கரும் டிஸ்க்கின் நம்பரும் ஒன்றாகத் தெரிய ஒரு படம் எடுத்தாள். தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியில் எந்த நம்பர் டிஸ்க் குறைகிறது என்று பார்த்து, இருநூற்றுப் பதினோராம் வரியில் உடைக்கப்பட்டது என்று போட்டாள். அடுத்த வரியில் மூலை மிஷினின் டிஸ்க் நம்பர், ஊசியும் விரலுமாக. முன் படம் ஏற்றினாள். பின் படம் என்ற கட்டம் காலி. கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: உடைக்கப்படவில்லை.

எந்த வார்த்தைக்காகத் தங்கையின் பல் போனதோ, அந்த வார்த்தை.

சேவ் பண்ணினாள். திறந்து பார்த்தாள், இருந்தது. பென்டிரைவைச் செருகி, ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருந்த பட்டியலையும் படத்தையும் பிடித்து இழுத்தாள். பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஓடி முடியும் வரை நகம் கடித்துக் காத்திருந்தாள். அம்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

முன் அறையைத் தாண்டும்போது கண்ணாடி அவள் முன்றானைப் பையின் புடைப்பைப் பார்த்தாள். "அக்கா, நான் எதையும் பாக்கல" என்றாள். இந்தத் தடவை தலை நிமிர்ந்து.

அந்த டிஸ்க் இரண்டு நாள் என் மேசை டிராயரில் இருந்தது. திருட்டுப் பொருள் என்று என்னைப் பிடித்தால், என் விசாவைப் பிடுங்கினால் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பூட்டினேனா என்று பத்துத் தடவை இழுத்துப் பார்த்தேன். அழிந்ததை மீட்பவர் ஒருவரை வக்கீலம்மா வரவழைத்தார். அவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, சில துண்டுகள் போய்விட்டன, ஒன்று மட்டும் முழுதாக இருக்கிறது என்றார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

வக்கீலம்மா, மீட்பவர், சம்மட்டி, நான், நான்கு பேரும் பார்த்தோம். மேஸ்திரி உள்ளே வருகிறான். ஏதோ சொல்கிறான். தங்கை தலையை ஆட்டுகிறாள். அவன் அவளுடைய பின்னந்தலை முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கீபோர்டில் அறைகிறான். தூக்கி மறுபடி. மூன்றாவது தடவை கட்டைகள் இரண்டு தெறித்துப் பறக்கின்றன, அப்படித்தான் முதலில் நினைத்தேன், அதில் பற்களும் இருந்தன. நான்காவது தடவைக்கு அவன் தூக்கும்போது அவள் கை மேசையைத் துழாவுகிறது. ஒரு கை கண்ணாடி ஜன்னலை அடிக்கிறது, ஒரு தடவை, இரண்டு தடவை. மற்ற கைக்கு ஸ்குரூ டிரைவர் கிடைக்கிறது.

"போதும்" என்றார் வக்கீலம்மா. "இது போதும்."

சம்மட்டி என் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். படத்தின் அடியில் ஓடும் கோட்டில் அந்தப் புள்ளியைப் பிடித்து, பூவைத் தொடுவது போலத்தான், பின்னால் இழுத்தாள். திரும்ப ஓடவிட்டாள். திரும்ப இழுத்தாள். அவள் மேஸ்திரியையோ தங்கையையோ பார்க்கவில்லை என்று மூன்றாவது தடவைதான் எனக்குப் புரிந்தது. ஜன்னலுக்கு அப்பால், திரையின் மேல் மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் சம்மட்டியைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். காதுகளில் மூடி. தங்கையின் கை ஜன்னல் கண்ணாடியில் அடிக்கும் அதே நேரத்தில் அவள் ஒரு டிஸ்க்கை எடுத்து நடுவில் ஓர் அடி அடித்தாள். திரும்பவே இல்லை.

"பதினோரு அடி" என்றாள். "ஒரு நிமிஷத்துல பதினோரு அடி அடிச்சிருக்கேன்."

அடுத்த நாள் விசாரணையில் டிஸ்க் எங்கிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பு துள்ளிக் குதித்தது. வக்கீலம்மா பட்டியலைக் காட்டினார், பெட்டியின் படத்தைக் காட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியை நீதிபதி சத்தமாகப் படித்தார். தங்கையை விட்டார்கள். மேஸ்திரியை அதே கட்டிடத்தின் இன்னொரு வாசல் வழியாகக் கூட்டிப் போனார்கள். முப்பது டிஸ்க் விஷயம் வெளியே வந்ததும் பட்டறையைப் பூட்டினார்கள். கண்ணாடிக்கும் வேலை போயிற்று. அதற்கு நானும் ஒரு காரணம்தான் என்று அவ்வப்போது தோன்றும்.

கோர்ட் வாசலில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்துத் தள்ளி நின்றேன். அவர்கள் படியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"பாத்தியா அதை?" என்றாள் தங்கை.

"பாத்தேன்."

"ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன்கா."

"தெரியுது."

"ரெண்டு தடவை."

"எண்ணினேன்."

தங்கை நாக்கால் பல் இல்லாத இடத்தைத் துழாவினாள். "சரி எழுந்திரு. என்ன பண்றது, நீ வேலை பாத்துட்டிருந்தே" என்று சொல்லி, அக்காவின் தொடைமேல் தானாகத் தட்டிக்கொண்டிருந்த ஆள்காட்டி விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

இரண்டு பேரும் இப்போது வேறொரு பட்டறையில் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு தாளை மொழிபெயர்க்கக் கொண்டுபோனபோது பார்த்தேன். சம்மட்டியின் கட்டை இப்போது ஜன்னலுக்கு முகம் பார்த்து இருக்கிறது. அவளே அதைத் திருப்பிப் போட்டாளாம், நாலு ஆள் சேர்ந்தும் அசையாத கட்டையை. காதுமூடியை ஒரு காதுக்குத்தான் மாட்டியிருந்தாள். மற்ற காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, கூப்பிட்டால் இரண்டு தடவை கூப்பிட வேண்டும்.

"டாக்டர் ரெண்டு காதுக்கும் மாட்டச் சொன்னாரே" என்றேன்.

"என்ன?" என்றாள்.

திரும்பவும் சொன்னேன். அவள் சம்மட்டியைத் தூக்கி அடிப்பதற்கு முன் ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே தங்கை நிமிர்ந்து ஒரு விரலைக் காட்டினாள். அதற்கப்புறம்தான் அடித்தாள்.